மூன்றாவது ஃபேனுக்குக் கீழே நின்ற சத்தம்

கொடியேற்றத்தன்று சாயங்காலம் ஜெனோவாவின் தொண்டையிலிருந்து தப்பாகப் புறப்பட்ட ஒரு சத்தம், அவள் வாயை மூடிய பிறகும், நான் அவள் முழங்கையைக் கிள்ளிய பிறகும், பாட்டு முடிந்து மணியும் வேட்டும் ஓய்ந்து ஜனங்கள் எல்லாம் அல்வாவும் மிக்சரும் வாங்கக் கடைப்பக்கம் போன பிறகும் அடங்காமல், பாடகர் மாடியிலிருந்து மெதுவாக இறங்கி, எங்கள் மாதா கோயிலின் இடதுபக்கத்து மூன்றாவது ஃபேனுக்கு ஒரு முழம் கீழே போய்த் தங்கிவிட்டது.

சவுண்ட் சர்வீஸ்காரர் மைக்கை அணைத்தார், மெயினை அணைத்தார், கடைசியில் ஸ்பீக்கர் பெட்டிகளையே கழற்றி வேனில் ஏற்றிக்கொண்டு போனார். சத்தம் அங்கேயேதான் இருந்தது. மறுநாள் காலைப் பூசைக்குக் கதவைத் திறந்த உபதேசியார், ஒட்டடைக் குச்சியால் அதை ஒரு தட்டுத் தட்டினார். அது நாலு விரற்கடை தள்ளிப்போய், குச்சி இறங்கியதும் பழைய இடத்துக்கே வந்தது. "புறா மாதிரிதான். எச்சம் போடாது, அதுவரைக்கும் நல்லது" என்று சொல்லிவிட்டு அவர் மெழுகுதிரி ஏற்றப் போய்விட்டார்.

ஜெனோவா என் வீட்டுக்காரரின் கடைசித் தங்கை. நாற்பது வயது. கல்யாணம் ஆகவில்லை, அதற்காக அவள் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை, அவளுக்கும் சேர்த்து நாங்கள்தான் பட்டுத் தீர்த்தோம். காலை ஏழு மணியிலிருந்து மூன்று மணி வரை ஐஸ் கம்பெனியில் இறால் உரிக்கிறாள். இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. ஆனால் இந்தக் கடற்கரையில் அவள் குரலுக்கு ஈடாக இன்னொரு குரல் கிடையாது. ஊருக்கே தெரிந்த இந்த விஷயம் அவளுக்கு மட்டும் தெரியாது, தெரியாதபடி நான் பார்த்துக்கொண்டேன்.

நான் கான்வென்டில் படித்தவள். சிஸ்டர் எவுஸ்தாக்கியா எனக்கு ஆர்மோனியம் சொல்லிக்கொடுத்தபோது என் புறங்கையில் ஒரு சாக்பீஸ் துண்டை வைப்பார். வாசிக்கையில் அது விழுந்தால் அடிஸ்கேல் விழும். எட்டாம் வகுப்புக்குப் பிறகு அது விழுந்ததில்லை. அந்தத் தகுதியில்தான் பத்தொன்பது வருஷமாகக் கோயில் பாடகர் குழுவை நடத்துகிறேன், அந்தத் தகுதியில்தான் மாதாவுக்கு ஒரு பாட்டும் எழுதினேன். 'வலை நனையும் வேளையிலே வந்தருளும் தாயே' என்று தொடங்கும், மூன்று சரணம், மெட்டும் என்னுடையதே. எழுதி முடிக்கப் பதினோரு வருஷம். ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஒரு மாதம் முன்னால் எடுத்துப் பார்ப்பேன், ஏதோ ஒரு இடம் நெருடும், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று மறுபடி மடித்து வைப்பேன். அப்படி மடித்து மடித்து வைத்த பதினோரு வருஷத்தில் எங்கள் தெருவில் பதினாலு பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடம் போயின, மீன் ஏலக்கூடம் ஒன்று கட்டப்பட்டு, திறப்புவிழா நடந்து, இடிந்தும் விழுந்தது. இந்த வருஷம்தான் பாட்டில் நெருட ஒன்றுமில்லை என்று எனக்கே தோன்றியது. கொடியேற்றத்தில் முதல் சரணம் வரை ஒருமுறை பாடுவது, பிறகு பத்தாம் நாள் திருவிழாப் பூசையில் ஆயர் முன்னால் முழுதாகப் பாடுவது என்று ஏற்பாடு.

ஜெனோவா செய்த தப்பை எங்கள் ஊர்ப் பெண்கள் தவிர வேறு யாரும் செய்துவிட முடியாது. கொடி கம்பத்து உச்சியைத் தொட்டதும் மணி அடிக்கும். மணி அடித்ததும் எங்கள் ஊரில் எந்தப் பெண் எங்கே நின்றாலும், அடுப்படியில் நின்றாலும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாலும், நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டுவிடுவாள். பாடகர் மாடியில் குலவை கூடாது என்று நான் அட்டையில் எழுதி மாட்டியே வைத்திருந்தேன். எல்லா வருஷமும் பாட்டு தொடங்குமுன் கொடி ஏறிவிடும். இந்த வருஷம் கயிறு கப்பியில் சிக்கி, கொடி பாதிக் கம்பத்தில் ஊசலாடி, நான் இனி தாங்காது என்று பாட்டைத் தொடங்கி, 'தாயே' என்ற இடத்தில் ஜெனோவா உச்சிக்கு ஏறிய அதே நொடியில் கயிறு விடுபட்டு மணி அடித்தது. அவள் தொண்டை பாட்டுக்குப் போவதா குலவைக்குப் போவதா என்று நடுவில் தடுமாறியது. அந்தத் தடுமாற்றம்தான் ஃபேனுக்குக் கீழே போய்த் தங்கியது.

"வேணும்னு செய்யலை மைனி. மணி அடிச்சிட்டு, வாய் தானா போயிட்டு" என்றாள் ஜெனோவா, பதினோரு பெண்களும் கீபோர்டு வாசிக்கிற பெர்க்மான்ஸும் பார்த்துக்கொண்டிருக்க.

"மூணு மாசமா படிச்சுக் குடுத்தது உன் வாய்க்குத் தெரியலை, மணி அடிச்சது மட்டும் தெரிஞ்சுதோ? இனிமே இந்த மாடிப்படி ஏறாத."

"பண்டிகைக்கு?"

"பண்டிகைக்குந்தான்."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். வாரத்தில் அவள் குளித்துச் சேலை மாற்றி வெளியே வருவது இந்தப் பாட்டுப் பயிற்சிக்கு மட்டும்தான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

மூன்றாம் நாள் பங்குப் பேரவை கூடியது. சத்தம் பக்கத்திலேயே இருந்ததால் எல்லாரும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. ஆயர் வருகிற நேரத்தில் இப்படி ஒன்று கோயிலுக்குள் இருக்கிறது என்று பதிவேட்டில் ஏறினால் மேலிடத்திலிருந்து கேள்வி வரும், கேள்வி வந்தால் பதில் எழுத வேண்டும், பதில் எழுத யாருக்கும் நேரமில்லை என்பதால், கோயிலுக்குள் அப்படி எந்தச் சத்தமும் இல்லை என்று ஏகமனதாகத் தீர்மானித்து, தொண்டை கட்டிப்போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். பங்குச்சாமியார் ஆம்புரோஸ் மட்டும், போகிற போக்கில் என்பதுபோல, அந்தப் பக்கம் கொஞ்சம் தீர்த்தம் தெளித்தார். சத்தம் கொஞ்சம் குளிர்ந்த மாதிரி இருந்ததே தவிர குறையவில்லை.

இல்லை என்று தீர்மானமான பிறகு ஜனங்களுக்குத் தயக்கம் போய்விட்டது. கைப்பிள்ளைக்காரிகள் வந்து அதற்குக் கீழே பிள்ளைகளைக் கிடத்தினார்கள். பிள்ளைகள் உடனே தூங்கின. சவரிமுத்துத் தாத்தாவின் காது மிஷின் அதோடு சேர்ந்து பாட, அவர் கோபப்படாமல் கேட்டுக்கொண்டிருந்தார். இது என்ன சத்தம் என்பதில் ஆளுக்கொரு கருத்து: குக்கர் முதல் விசிலுக்கு முன்னால் மூச்சு வாங்குகிற சத்தம் என்றாள் ஒருத்தி, டீசல் தீரப்போகிற போட் என்ஜின் என்றார் ஒருவர். தலைச்சுமையாக மீன் விற்கிற சூசையம்மா, மகள் கல்யாணத்துக்குப் பிறகு கோயில் பக்கமே வராதவள், கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்து, இடுப்பில் கையூன்றி அரைமணி நேரம் அண்ணாந்து நின்றாள்.

"நல்லாத்தான் இருக்கு. வெளங்காத மாதிரியும் இருக்கு, நம்மளைக் கூப்பிடுத மாதிரியும் இருக்கு. என்னத்துக்கு ஹில்டாக்கா இதைப் போய் விரட்டணும்ங்கீய?"

"அது தப்பு சூசையம்மா."

"யாரு இல்லைன்னா?" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஐந்தாம் நாளுக்குள் செபமாலை சொல்கிறவர்கள் தங்களை அறியாமல் அந்தச் சுருதியில் சொல்லத் தொடங்கினார்கள். அவர்களிடமிருந்து அது கடைத்தெருவுக்குப் போயிற்று. பரோட்டாக் கடையில் ஆர்டர் சொல்கிறவன் அதில் கத்தினான், ஐஸ் வண்டியின் ஹாரன் அதில் அலறிற்று, என் வீட்டுக்காரர் 'சோறு போடு' என்பதையே அதில் சொன்னார். "ஊரே அந்தச் சுருதியிலதான் பேசுது மைனி, கவனிச்சீயளா?" என்று பெர்க்மான்ஸ் கேட்டான். அவன் கேட்டதும் அந்தச் சுருதியில்தான். நான் மட்டும் என் சுருதியில் பேசினேன். அந்த நாட்களில் என்னிடம் யாரும் அதிகம் பேசவில்லை.

பாடகர் குழுவில் அதற்குள் பொறாமை முளைத்துவிட்டது. இரண்டாம் குரல் பாடுகிற டெல்ஃபின் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தப்பாகப் பாடிப் பழகுகிறாள் என்று கேள்விப்பட்டேன். ஆறாம் நாள் பயிற்சியில், பல்லவி முடிகிற இடத்தில், அவள் கண்ணை மூடிக்கொண்டு, கழுத்தை நீட்டி, மிகுந்த ஆயத்தத்தோடு ஒரு தப்பை விட்டாள். அது மாடிக் கைப்பிடி வரை போய், நனைந்த துணி மாதிரிக் கீழே விழுந்தது. அவளைப் பார்த்து மற்றவர்களும் விட்டார்கள். அன்று மாலைக்குள் பதினேழு தப்புகள்; ஒன்றுகூட ஒரு நிமிடம் தங்கவில்லை. அடுத்த தெரு இளைஞர் மன்றம் ஆள்திரட்டி வந்து, மைக் பிடித்து, கூட்டமாகவே தப்புப் பாடிப் பார்த்தது. உபதேசியார் பெருக்கித் தள்ளினார்.

என் கவலை வேறு. அந்தச் சத்தம் இருக்கும் வரை என் பாட்டைப் பாட முடியாது. சரியான சுருதியில் தொடங்கினால், மேலே நிற்கிற அது எங்கள் எல்லாரையும் தப்பாக்கியது: பதினோரு பேரும் சரியாகப் பாட, ஃபேனுக்குக் கீழே ஒன்று மட்டும் வேறு மாதிரி நிற்க, கேட்கிறவர்களுக்கு நாங்கள்தான் கோணலாகத் தெரிந்தோம்.

"அப்ப நாம அதோட சுருதிக்கே போயிருவோம்" என்றேன் பெர்க்மான்ஸிடம், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவன் தையல்காரன், அளவு பார்ப்பதில் பொறுமைசாலி. ஒவ்வொரு கட்டையாக அமுக்கிக் காதைச் சாய்த்துப் பார்த்தான். "மைனி, இது வெள்ளைக்கட்டைக்கும் கறுப்புக்கட்டைக்கும் நடுவுல நிக்கி. கீபோர்டுல அந்த இடத்துல ஒண்ணும் கிடையாது. வெறும் சந்து."

"மிஷின் சுருதியை இறக்கு."

"இறக்கிப் பாத்துட்டேன். நான் இறக்குனா அது கொஞ்சம் ஏறுது. அது நிக்கிற இடத்துலயே நடுங்கிட்டு நிக்கி. அதைப் புடிக்கணும்னா அது யாரு தொண்டையில இருந்து வந்துச்சோ அந்த ஆளுதான் புடிக்க முடியும்."

"அந்தப் பேச்சை எடுக்காத."

"நான் எடுக்கலை. நீங்க கேட்டீய."

எட்டாம் நாள் காலை பங்குச்சாமியார் என்னை அறைக்குக் கூப்பிட்டு, காபி கொடுத்து, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "இந்த வருஷம் புதுப்பாட்டு வேண்டாம் ஹில்டா. பண்டிகைப் பூசைக்கு ரெக்கார்டு பாட்டு போட்டுருவோம். ஸ்பீக்கரைச் சத்தமா வச்சா அது கேக்காது. உங்க பாட்டு எங்க போயிரப்போகுது? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று பதினோரு தடவை எனக்கு நானே சொல்லியிருக்கிறேன்; ஒவ்வொரு தடவையும் அது எவ்வளவு விவேகமாக இருந்தது! வேறொருவர் வாயிலிருந்து முதல்தடவையாகக் கேட்டபோதுதான், அந்த அடுத்த வருஷம் என்பது வரப்போவதே இல்லை என்று உறைத்தது. ஐம்பத்திரண்டு வயது. என் பாட்டை இன்றுவரை பாடகர் குழுவைத் தவிர யாரும் முழுதாகக் கேட்டதில்லை. காபியைப் பாதியில் வைத்துவிட்டு, குடையை மறந்துவிட்டு, ஐஸ் கம்பெனிக்கு நடந்தேன்.

இறால் உரிக்கிற ஷெட்டை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அந்த வாடை எனக்கு ஆகாது. தகரக் கதவை நெருங்கியபோதே உள்ளே பாட்டு கேட்டது. 'வலை நனையும் வேளையிலே'. நீளமான எவர்சில்வர் மேசைகளின் இரண்டு பக்கமும் ரப்பர் பூட்ஸோடு முப்பது பெண்கள் ஐஸ்தண்ணீரில் கைவிட்டு இறாலை உரித்துக்கொண்டு, என் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஜெனோவா தொடங்க மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். தாளம் இறால் தோல் வாளியில் விழுகிற தாளம். 'வந்தருளும்' என்ற இடத்தை எல்லாரும் ஒரு மாத்திரை முன்னாலேயே எடுத்துவிட்டார்கள். 'தாயே' வந்ததும் உச்சிக்குப் போய், அங்கே நாக்கு ஒரு சுற்றுச் சுற்றி, குலவையில் பாதி தோய்ந்து இறங்கியது. நாலு இடத்தில் தப்பு. திருத்துவதற்கு என் வாய் திறந்தேவிட்டது. திறந்த வாயோடு அப்படியே நின்றேன், ஏனென்றால் மேசை ஓரத்தில் நின்ற ஒரு பெண், எனக்குப் பெயர்கூடத் தெரியாத ஒருத்தி, உரிப்பதை நிறுத்திவிட்டு முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் எழுதிய வரிக்கு.

ஜெனோவா என்னைப் பார்த்ததும் பாட்டு நின்றது.

"என்ன மைனி, இங்க? அண்ணனுக்கு மேலுக்குச் சரியில்லையா?"

"அண்ணன் நல்லாத்தான் இருக்காவ. இதை யாரு இவங்களுக்குப் படிச்சுக் குடுத்தது?"

"யாரும் படிச்சுக் குடுக்கலை. நான் பாடுதேன், அவளுவளும் பாடுதாளுவ. தப்பா இருக்கும். உங்க காதை மூடிக்கிடுங்க."

"பண்டிகைக்கு வந்து பாடுதியா?"

முப்பது பேரும் இறாலைப் பார்த்துக் குனிந்துகொண்டு காதை மட்டும் எங்கள் பக்கம் வைத்திருந்தார்கள்.

"மாடிப்படி ஏறாதன்னியளே?"

"ஏறாண்டாம். கீழ நின்னு பாடு."

"நான் கீழயும் நீங்க மேலயுமா? தண்ணி லாரிக்கு ஆள் நிறுத்துன மாதிரில்லா இருக்கும். எல்லாரும் கீழ வாங்க." கையுறையைக் கழற்றி ஐஸ்தண்ணீரை உதறினாள். விரல்கள் வெளுத்து ஊறிப்போயிருந்தன. "ஒண்ணு சொல்லிருதேன் மைனி. அந்த இடம் எனக்கு நீங்க எழுதுன மாதிரி வராது. நேத்து ஒரு மாதிரி வந்துச்சு, இன்னைக்கு ஒரு மாதிரி வருது. பண்டிகைக்கு எப்படி வரும்னு எனக்கே தெரியாது. எல்லாருக்கும் முன்னால வச்சு மறுபடி என்னை ஏசுனியன்னா, நான் இனி கோயிலுக்கே வரமாட்டேன். வீட்டுலயும் பாடமாட்டேன்."

"தப்பாவே வரட்டும்" என்றேன். இரண்டு சொல்தான் சொன்னேன், பிரசவ வலிபோல இருந்தது.

"மைனி இதை எழுதிக் குடுப்பீயளா?" என்றாள் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தி. ஷெட்டே சிரித்தது. நானும் சிரித்திருக்க வேண்டும், பழக்கமில்லாததால் வரவில்லை.

பத்தாம் நாள் பூசையில், நன்றிப் பாட்டு நேரத்தில், பாடகர் குழு மாடியைவிட்டு இறங்கி மூன்றாவது ஃபேனுக்குக் கீழே கூட்டத்தோடு கூட்டமாக நின்றது. ரெக்கார்டு போடுவதற்காக விரலை நீட்டியிருந்த பங்குச்சாமியார் என் முகத்தைப் பார்த்து விரலை மடக்கிக்கொண்டார். பெர்க்மான்ஸ் கீபோர்டை மூடிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஜெனோவா அண்ணாந்து, தன் சத்தத்தை ஒரு நிமிடம் கேட்டு, அது நடுங்குகிற நடுக்கத்திலேயே காலை வைத்துத் தொடங்கினாள்.

எங்கள் கோயிலில் ஜனங்கள் பாடுவதில்லை. பத்தொன்பது வருஷமாக வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள்; பக்தி என்று நினைத்திருந்தேன். அன்று இரண்டாம் வரியில் டெல்ஃபின் தடுமாறினாள், வேண்டுமென்றே அல்ல, பயத்தில். அவளைத் தாங்கப்போன நான், கை ஒரு தாளத்திலும் வாய் ஒரு தாளத்திலுமாக, ஒரு வரி முன்னாலேயே நுழைந்துவிட்டேன். கோயிலில் ஒரு நொடி எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பிறகு பின்வாசல் பக்கமிருந்து சூசையம்மா, மீன் விற்கிற குரலை ஒரு பொட்டும் குறைக்காமல், 'வலை நனையும்' என்று பிடித்தாள். அப்படிப் பாடலாம் என்றால் நாமும் பாடலாமே என்று நினைத்தார்களோ என்னவோ, அவளுக்குப் பின்னால் இறால் ஷெட் மொத்தமும், அதற்குப் பின்னால் ஆண்கள் பக்கமும், சவரிமுத்துத் தாத்தாவும், கடைசியில் படகு என்ஜின் மாதிரிக் குரலில் ஆயரும் பாடினார்கள். உச்சி வந்தது. ஜெனோவா என்னைப் பார்க்கவில்லை. ஏறினாள், எங்கோ திரும்பினாள், கோயில் முழுக்க அவள் பின்னால் திரும்பியது. மணி அடிக்காமலேயே பெண்கள் அத்தனை பேரும் குலவை போட்டார்கள். நானும்.

மூன்றாம் சரணம் ஜனங்கள் யாருக்கும் தெரியாததால் முதல் சரணத்தையே இரண்டு தடவை பாடி முடித்தோம். அந்த மூன்றாம் சரணத்துக்கு மட்டும் நான் நாலு வருஷம் செலவழித்திருந்தேன்.

சத்தம் எப்போது போனது என்று யாருக்கும் தெரியாது. பாட்டுக்கு நடுவிலா, சப்பரம் புறப்படும்போதா, யார் வீட்டுக்காவது கூடவே போய்விட்டதா என்று இன்றுவரை பேச்சு ஓய்ந்தபாடில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை ஒட்டடை அடிக்கப் போன உபதேசியார்தான் ஃபேன் சத்தம் தனியாகக் கேட்பதைக் கண்டுபிடித்துப் பங்குப் பேரவையில் சொன்னார். இல்லை என்று ஏற்கெனவே தீர்மானம் போட்டுவிட்ட ஒன்று போய்விட்டது என்று எப்படித் தீர்மானம் போடுவது என்று இரண்டு மணி நேரம் விவாதித்துவிட்டு, தேநீரோடு கலைந்தார்கள்.

ஆயர் இல்லத்திலிருந்து கடிதம் வந்தது. புதிய பாடல் புத்தகத்தில் சேர்க்க, பாட்டை இசைக்குறிப்போடு அனுப்பச் சொல்லி. பாடியதுபோல எழுத மூன்று நாள் உட்கார்ந்தேன். அந்த உச்சி இடத்துக்கு எந்தக் குறியும் பொருந்தவில்லை. கோட்டில் வைத்தால் ஏறியது, இடையில் வைத்தால் இறங்கியது. கடைசியில் பழைய தாளையே, மூன்றாம் சரணத்தோடு, ஒரு புள்ளி பிசகாமல் அனுப்பினேன். அச்சாகிவிட்டது. இருநூற்றுப் பதினாலாம் பாட்டு. பார்க்க ரொம்பச் சரியாக இருக்கிறது. மறைமாவட்டத்தில் எந்தக் கோயிலிலும் அதை யாரும் பாடியதாகத் தகவல் இல்லை.

எங்கள் கோயிலில் ஞாயிறுதோறும் பாடுகிறோம். டெல்ஃபின் தடுமாறுகிறாள், சூசையம்மா முந்துகிறாள், நான் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்; எல்லாம் ஒரே நாளில் திருந்திவிட நான் என்ன பவுலடியாரா? ஆனால் அந்த உச்சி இடம் வரும்போது தாளம் போடுகிற கையை இறக்கிவிட்டு ஜெனோவாவைப் பார்ப்பேன். இந்த வாரம் எந்தப் பக்கம் திரும்பப்போகிறாள் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. போகிறோம்.